ஏழு நிறை, மூன்று குறை

முதல் ஊரின் கடைத்தெரு நடுவில், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றுகொண்டு, என் மனைவி கையேட்டின் நான்காம் பக்கத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையேட்டின்படி அந்த இடத்தில் நாலு முகமும் நாலு நேரம் காட்டுகிற கடிகாரக் கோபுரம் இருக்க வேண்டும். வடக்குத் தெருக்காரர்கள் வடக்கு முகத்தையும் தெற்குத் தெருக்காரர்கள் தெற்கு முகத்தையும் நம்புவதால், தெற்கே மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புகிற மாப்பிள்ளை வடக்கே மாமனார் வீட்டுக்குள் நுழையும்போது அங்கே இன்னும் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. எழுதியவன் நான்.

"எங்கங்க கோபுரம்?"

"இடிச்சிட்டாங்க போல."

"தொட்டி அதை விடப் பழசா இருக்கே. பாசி புடிச்சுக் கெடக்கு."

"இந்த ஊர்ல பாசி சீக்கிரம் புடிக்கும். மூணாவது குறை பாரு."

பார்த்தாள். 'ஈரம் அதிகம்; ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டியிலும் பாசி படரும்.' எதிரே சைக்கிள் கடையில் ஒரு சைக்கிள் பச்சையாகவே நின்றது. அவள் பென்சிலை எடுத்து அந்தக் குறைக்கு நேராக ஒரு சரி போட்டாள். கோபுரத்துக்கு நேராக ஒன்றும் போடவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்காமல் நான் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரையில் வரிசையாக உள்ள நாலு ஊர்களுக்கு நான் வேலை பார்த்த அச்சகம் வருடா வருடம் கையேடு போடும். ஊருக்கு ஏழு நிறை, மூன்று குறை என்பது முதலாளி வகுத்த சட்டம். வெறும் நிறையாகப் போட்டால் விளம்பரம் என்பார்கள், மூன்று குறை கலந்தால் வேதவாக்கு என்பார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். நேரில் பார்த்து எழுத ஊருக்கு நாலு நாளாக வருடத்தில் பதினாறு நாள் என்னை அனுப்பினார். பதினான்கு வருடம் அனுப்பினார். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

போகக் கூடாது என்றில்லை. முதல் வருடம் முறைப்படி பஸ் ஏறினேன். நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸைக்கூட ஓடுவதாக முடிவு கட்டிவிடுகிற வயிறு என்னுடையது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் நடத்துனர், முன் இருக்கையில் இருந்த புதுமணத் தம்பதி, அவர்களுடைய பெட்டி ஆகிய எல்லாரும் நான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதை ஐயமில்லாமல் தெரிந்துகொண்டார்கள். என்னை இறக்கிவிட்டபோது பஸ் முழுக்கக் கைதட்டினார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பிய மனைவியிடம் அரை மணி நேரத்தில் திரும்பிப் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அச்சகத்தின் காகிதக் கிடங்குச் சாவி சட்டைப்பையில் இருந்தது. கிடங்கு எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. உள்ளே போய்க் காகிதக் கட்டுகளின் மேல் படுத்தேன். எழுந்தபோது மறுநாள்.

அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஒன்பது வருடம் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். முன்னிரவு மனைவி முறை, பின்னிரவு என் முறை. நான் 'ஊருக்குப் போனால்' இரண்டு முறையும் அவளுடையதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அடுத்த ஊருக்கும் கிளம்பினேன். கிடங்கில் ஜன்னல் கிடையாது, யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ரொட்டியும் வேர்க்கடலையும் கெட்டுப்போகாது. நான் பார்த்த ஒரே சுற்றுலாத் தலம் அதுதான். நிறை ஏழு தேறும்.

காகிதம் ஏற்றி வருகிற லாரிக்காரர் அந்த நாலு ஊரும் சுற்றியவர். அவருக்கு ஊர் என்றால் குழி, கொசு, கழிப்பறைப் பூட்டு. ஆகவே குறைகள் அவர் சொன்னவை, சத்தியம். நிறைகளை நான் படுத்தபடி செய்தேன்.

அம்மா போனது நான் 'மூன்றாம் ஊரில்' இருந்தபோது. நாலாம் நாள் பையோடு வீட்டுக்குள் நுழைந்தேன், கட்டில் காலி. ஆள் அனுப்பி விடுதி விடுதியாகத் தேடியிருக்கிறார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, அதற்கு மேல் முடியாமல் எல்லாம் முடித்துவிட்டார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பதிலாக என் வாயிலிருந்து தானாக வந்தது: "தொங்குபாலத்து நடுவுல நின்னுக்கிட்டிருந்தேன். திடீர்னு நெஞ்சைப் பிடிச்சு யாரோ இழுத்த மாதிரி இருந்துச்சு." மூன்றாம் ஊருக்கு நான் எழுதிய முதல் நிறை அந்தத் தொங்குபாலம். மனைவிதான் எனக்காகப் பேசினாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷன் என்ன செய்ய முடியும் என்று இருபது பேரிடம் சொன்னாள்.

இப்போது மகள் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து, "அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்கப்பா, நீங்க மட்டுமே பாத்தா எப்படி" என்றாள். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பாலத்தில் நிற்க வேண்டும்.

இரண்டாம் ஊருக்குப் போகும் வழியில் மூன்று தடவை பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். "பதினாலு வருஷம் போய்ட்டு வந்தவருக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்றாள். வயசு என்றேன். அந்த ஊரில் ஒரு மைல் நீளத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்ட சந்தை இருக்க வேண்டும். வாடகை வண்டிக்காரர் எங்களை ஒன்றரை மணி நேரம் குழிகளில் ஏற்றி இறக்கினார். "நான் பொறந்ததே இங்கதாம்மா. கண்ணாடின்னா பஸ் ஸ்டாண்டுல சலூன்ல இருக்கு, காட்டவா?" என்றார். விடுதியில் கொசு, கழிப்பறைச் சாவி மேலாளரிடம், மேலாளர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று குறைக்கும் மூன்று சரி.

"ஏங்க, குறையெல்லாம் அச்சு அசலா இருக்கு. நிறைதான் ஒண்ணுகூடக் காணோம்."

"நல்லதுக்கு ஆயுசு கம்மி."

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாக என் இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிப்பாள். மூன்றாம் ஊரில் விடுதிக்குக்கூடப் போகாமல் நேராக ஆற்றுக்கு நடந்தாள். நான் பின்னால். நடுவழியில் மூட்டு வலி என்று உட்கார்ந்து பார்த்தேன்; அவள் திரும்பவில்லை. ஆறு இருந்தது. அகலம் ஆறடி. கறுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தாண்ட ஒரு பலகை போட்டிருந்தார்கள். கரையில் ஒரு தேநீர்க் கடை.

"தம்பி, இங்க தொங்குபாலம் எங்க இருந்துச்சு?"

"நீங்களுமாம்மா?" கடைக்காரர் வடிகட்டியை ஓங்கித் தட்டினார். "மாசத்துக்கு ஒருத்தர் இந்தப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துர்றாங்க. இந்தச் சாக்கடைக்கு எவனாவது பாலம் தொங்க விடுவானா? எந்தக் காலத்துலயும் கெடையாது. எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"இவர்தான்," என்றாள் மனைவி.

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பெரியவரா போய்ட்டீங்க," என்றார். டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

நாங்கள் பலகையோரத்தில் உட்கார்ந்தோம். அவள் கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"இங்க வரல. எங்க போனீங்க? யாரு அவ?"

நிமிஷத்துக்கு ஒரு பொய் சுடச்சுடத் தரக்கூடியவன் நான். அன்று ஏனோ வாய் வறண்டிருந்தது. பஸ், வாந்தி, சாவி, கிடங்கு, தூக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடனை இல்லாமல் சொல்லிப் பழக்கமில்லாததால் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"கதை விடாதீங்க," என்றாள். "காகிதத்து மேல பதினாறு நாள் தூங்குறதுக்கு ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லுவானா?"

"சொன்னேன்."

"வருஷா வருஷம்?"

"ஆமா."

ஆற்றில் ஒரு செருப்பு மிதந்து வந்தது. அது பலகைக்குக் கீழே போய் மறுபக்கம் வெளிவரும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூணு தெருவா?" என்றாள்.

"மூணு."

"அன்னைக்கு ராத்திரி அத்தையைத் தனியாத் தூக்க முடியல. கழுத்து நிக்கல. வாசல்ல வந்து நின்னு கத்தினேன். எதிர்வீட்டுல வந்தாங்க, பின்தெருவுல இருந்துகூட வந்தாங்க." கொஞ்ச நேரம் விரல்களை நீவினாள். "கேக்கலையா உங்களுக்கு?"

"கிடங்குல ஜன்னல் இல்ல."

"ஜன்னல் இல்லன்னா கேக்காது," என்றாள், யாரிடமோ எனக்காகச் சமாதானம் சொல்கிற அந்தப் பழைய குரலில். பாதியில் அந்தக் குரலே அவளுக்குப் பிடிக்காமல் போனது தெரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தி இருந்தான்னு சொல்லுங்க."

"என்னது?"

"ரொம்பத் தூரத்துல, எந்த ஊர்லயாவது. பேரெல்லாம் வேண்டாம். அதுன்னா திட்டிட்டு விட்டுடுவேன். மூணு தெருவை நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

முயற்சி செய்தேன். கோபுரம் கட்டினவன், ஒரு மைல் கண்ணாடி போட்டவன். ஆனால் ஒரு பெண்ணை எழுப்பி நடக்கவிட எனக்கு வரவில்லை. மூக்கு வைத்தால் அது இவள் மூக்காக இருந்தது. நான் வாயைத் திறப்பதையும் மூடுவதையும் அவள் பார்த்தாள். எழுந்தாள். கடைக்காரரிடம் நாலாம் ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். "நீங்க போங்க. நான் வீட்டை விட்டுக் கிளம்பினதே இப்பத்தான்," என்றாள்.

பஸ் நிலையத்தில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. புகை நாற்றத்திலேயே என் வயிறு தயாராகிவிட்டது. படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவள் உள்ளே போய் நாலாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஒருவர் வந்து காலியா என்று கேட்டார். அவள் பையின் மேல் கையை மட்டும் வைத்தாள். அவர் பின்னால் போனார். எனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறாளா, யாருமே உட்கார வேண்டாம் என்று வைத்திருக்கிறாளா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. நடத்துனர் விசில் ஊதினார். அவள் என்னைப் பார்க்காமல் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பையின் மேலேயே இருந்தது.