மூன்றாவது கட்டத்தில் மாடத்தி

“இன்னைக்கு நீ அந்தக் கம்பெனி வாசல மிதிச்சேன்னா, தீவாளி வரைக்கும் எங்கிட்டச் சோறு கேக்கப்படாது. சொல்லிட்டேன்!”

முத்துக்கருப்பன் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றான். பெண்டாட்டியின் தூக்குவாளியைத் தரமாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான். அவன் போட்ட அதட்டலில் வாளி சரிந்து, ரசம் வேட்டியில் வடிந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. மாடத்திக்குத் தெரிந்தது. சிரிப்பை அடக்க வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

“சிரிக்காதளா! மேனேசரே லீவு போடச் சொல்லுதாரு. கூலியும் தாரேங்காரு. வீட்டுல படுத்துக் கெடக்கக் கூலி எவன் குடுப்பான்? மீறிப் போனா வேலையில்லைன்னு வேற சொல்லியிருக்காரு. சீசன்ல வேலை போச்சுன்னா என்னத்தத் திங்க?”

“எம் பேரச் சொல்லிக்கிட்டு இன்னொருத்தி நிப்பா, அதுக்கு எனக்குக் கூலியாக்கும்? எம் பேரு என்ன வாடகைச் சைக்கிளா?” என்றாள் மாடத்தி. “வேட்டியப் பாருங்க, ரசம்.”

அவன் குனிந்த நேரத்தில் வாளியைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

விஷயம் இதுதான். சிவகாசியில் அய்யாதுரை அண்ணாச்சியின் காலண்டர் கம்பெனியில் மாடத்தி பதினோரு வருடமாகத் தாள் அடுக்குகிறாள். அங்கே தண்ணீர்க் குடத்தைத் தொட்டு ஊற்றுகிற வேலை மேலத்தெருச் சொர்ணலட்சுமிக்கு. மேலத்தெருப் பெண்களுக்குக் குடத்தருகே நாலு பொதுத் தம்ளர்கள் உண்டு. காலனிப் பெண்கள் வீட்டிலிருந்து தம்ளர் கொண்டுவந்து தள்ளி நின்று நீட்ட வேண்டும். குடத்தைத் தொடக் கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லை. எழுதாமலே நடந்தது.

அந்த 2009 ஆகஸ்ட்டில் ஊரெல்லாம் பன்றிக் காய்ச்சல் பேச்சு. நாற்பதாயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்த சிங்கப்பூர்க் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நோய் பரவி ஆட்கள் படுத்துவிட்டால் வேலை நிற்காமல் எப்படி நடத்துவீர்கள், ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் யார் யார், திட்டம் அனுப்புங்கள், நேரில் வந்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

“கேக்கத எழுதிக் குடுத்துத் தொலைலே. ஆர்டரு போயிரக் கூடாது” என்றார் அண்ணாச்சி.

மேனேஜர் செந்தூர்பாண்டி ராவோடு ராவாக எழுதினார். ஒரு வேலைக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அசல் ஆள், அடுத்த இரண்டில் மாற்று ஆட்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து வரிசையாகப் பெயர்களை இறக்கினார். கடைசி வேலை குடிதண்ணீர். முதல் கட்டத்தில் சொர்ணலட்சுமி, இரண்டாவதில் இன்னொருத்தி. அத்தோடு பதிவேட்டில் மேலத்தெருப் பக்கம் தீர்ந்தது. தூக்கக் கலக்கத்தில் தாளைத் திருப்பி முதல் பெயரை எழுதிவிட்டார். அந்தப் பக்கம் காலனிப் பக்கம் என்பது மறந்துபோயிற்று. முதல் பெயர் மாடத்தி.

ஒரு பிரதி சிங்கப்பூர் போயிற்று. இன்னொன்றை, அச்சுக் கம்பெனி அல்லவா, நாலு கலரில் அடித்து, மேலே மகாலட்சுமி படமும் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஒருத்தரும் படிக்கவில்லை. அறிவொளி வகுப்பில் முப்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்த மாடத்திதான் சோற்று நேரத்தில் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். முதல் விதியே ‘அவரவர் தனித் தம்ளர் கொண்டுவர வேண்டும்’.

“ஏ யாத்தி, இந்தத் திட்டத்த நாங்க பொறந்ததுல இருந்து நடத்துறோம்! சிங்கப்பூர்க்காரன் எங்ககிட்ட இல்லா கத்துக்கிட்டிருக்கான்!” என்று அவள் சிரித்த சிரிப்பில் காலனிப் பெண்களுக்கெல்லாம் புரையேறிப் போயிற்று. கடைசி வரியில் தன் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இன்னொரு தரம் படித்தாள். பிறகு இன்னும் பலமாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை சொர்ணலட்சுமிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான், ஆனாலும் திட்டப்படி ஏழு நாள் வீட்டில் இருக்க வேண்டும். புதன்கிழமை இரண்டாவது கட்டத்துக்காரி ரெண்டு தும்மல் போட்டாள். அவளையும் அனுப்பிய பிறகுதான் செந்தூர்பாண்டி மூன்றாவது கட்டத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். வியாழக்கிழமை, அதாவது இன்றைக்கு, சிங்கப்பூர் ஆபீசரம்மா வருகிறாள். அதனால்தான் மாடத்திக்கு லீவு. மேலத்தெருச் சின்னத்தாய் குடத்தடியில் நின்று தன்னை மாடத்தி என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆபீசரம்மா பிரீத்திகா பத்து மணிக்கு முகமூடியும் கையுறையுமாக வந்து இறங்கினாள். கூட்டத்துக்குள் தாள் அடுக்கிக்கொண்டிருந்த மாடத்தியைப் பார்த்ததும் செந்தூர்பாண்டிக்கு முகமூடிக்குள்ளேயே வேர்த்தது.

பிரீத்திகா குடத்தடிக்கு வந்தாள். “நீங்கதான் மாடத்தியா?”

“ஆமா” என்றாள் சின்னத்தாய்.

அந்த அம்மா பட்டியலில் பெயரோடு இருந்த முகவரியைப் பார்த்தாள். “வீடு இந்திரா காலனிதானே?”

சின்னத்தாய் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். செந்தூர்பாண்டி கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், கும்பிடாத குறை.

“சொல்லுங்கம்மா. காலனிதானே?”

“நான் எதுக்கும்மா காலனியில இருக்கேன்!” சின்னத்தாய் வெடித்தாள். “பேருன்னு சொன்னாக, சரின்னேன். தெருவையும் மாத்துவாகளா? எம் புருசன் காதுல விழுந்தா வெட்டிப்புடுவான்! நான் மேலத்தெரு சின்னத்தாய். மாடத்தி அந்தா நிக்கா, அவளக் கேளுங்க!”

“இங்கன இருக்கேன் தாயி!” என்று மாடத்தி தாள்களை வைத்துவிட்டு எழுந்தாள். சிரிப்புப் பொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குடத்தடிக்குப் போனாள்.

ஆபீசரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சரி, ஒத்திகை பார்க்கலாம். பத்து நிமிஷத்துல எல்லாருக்கும் தண்ணி. முதலாளி, முதல்ல நீங்க.”

நாற்பதாயிரம் காலண்டரும் அண்ணாச்சியின் கண்முன்னால் வந்து போயிற்று. தம்ளரை நீட்டினார். மாடத்தி செம்பைக் குடத்துக்குள் விட்டு மொண்டு ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவர் குடித்த பிறகு மேலத்தெருப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொருத்தியும் வந்தாள். வாங்கிய தண்ணீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடித் துப்பினாள். ஏழெட்டுப் பேர் உப்பிய கன்னத்தோடு ஓடுவதைப் பார்த்த பிரீத்திகா, ‘வாய் கொப்பளிக்கும் பழக்கம் மிக நன்று’ என்று எழுதிக்கொண்டாள். மாடத்தியைப் படம் பிடித்து, பெயரையும் குறித்துக்கொண்டு போனாள்.

ஆர்டர் தப்பியது. மாடத்தியின் வேலையும் தப்பியது. அவளை நீக்கினால் சிங்கப்பூருக்குக் காரணம் எழுத வேண்டும், அதை யார் எழுதுவது?

அண்ணாச்சி வேறு வழி பார்த்தார். மறுவாரம் குடம் போய், குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வந்தது. அவரவர் பிடித்துக் குடிக்கலாம், யார் கையும் யாருக்கும் வேண்டாம். ஒன்றல்ல, இரண்டு டிரம். ஒன்று மின்விசிறிக்குக் கீழே. இன்னொன்று கக்கூஸ் போகிற வழியில், காலனிக்காரர்களுக்கு. சுவரில் புதுத் திட்டம் தொங்கியது: ‘ஒரு டிரம் பழுதானால் மற்றதைப் பயன்படுத்தவும்.’

மாடத்தி விரல் வைத்து அதைப் படித்தாள். தம்ளரை எடுத்துக்கொண்டு நேரே மின்விசிறிக்குக் கீழே இருந்த டிரம்முக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

“ஏ மாடத்தி! ஒனக்கு அங்கன!” என்று ஓடிவந்தார் செந்தூர்பாண்டி.

“அது பழுதாயிருச்சு மேனேசரய்யா. திட்டப்படி இங்கன வந்தேன்.”

“நேத்து வாங்குனது! என்ன பழுது?”

“நானும் காலையில இருந்து பாக்கேன், மேலத்தெருக்காரவுக ஒருத்தருக்குக்கூட அதுல தண்ணி வரல. பெரிய பழுதுல்லா?”

அவள் பின்னால் காலனிப் பெண்கள் ஆளுக்கொரு தம்ளரோடு சிரிப்பை அடக்கமாட்டாமல் வரிசை கட்டியிருந்தார்கள். மாடத்தி நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்துவிட்டு, அடுத்தவளுக்கு வழி விட்டாள்.