மச்சினி மெஷின்

ஊசி ஏன் உடைகிறது என்றெல்லாம் ஒரு தையல் மெஷின் மெக்கானிக் மூன்று வருஷமாகத் தன் இணையதளத்தில் எழுதியதை எவனோ அப்படியே வழித்தெடுத்துத் தன் தளத்தில் போட்டுக்கொண்டான். "என் மச்சினி மெஷினில் பார்த்தது" என்ற வரியைக்கூட விடவில்லை.

"என் தங்கச்சி இப்ப அவனுக்கும் மச்சினியா?" என்று மனைவி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தளத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களை நம்பித்தான் பிழைப்பே. இப்போது தேடினால் திருடியவன் முதலில் நிற்கிறான், எழுதியவர் நாலாம் பக்கத்தில் கிடக்கிறார். கடைப் போன் வாய் திறந்து ஒரு மாதமாகிறது.

தேடல் கம்பெனிக்குப் புகார் எழுதினார். அவருடைய பக்கம்தான் நகலாகத் தெரிகிறது என்று பதில் வந்தது. அடுத்த தடவை படித்தால் மாறியிருக்கும் என்பதுபோல மனுஷன் அதை நாலு தடவை படித்தார்.

நேற்று போன் அடித்தது. பாய்ந்து எடுத்தால், மச்சினி.

"அத்தான், நீங்க அனுப்பின ஆள் மெஷினைச் சரி பண்ணிட்டாரு."

"நான் யாரை அனுப்பினேன்?"

"அன்னிக்கு உங்க நம்பர் கைல இல்ல, தேடினதும் முதல்ல வந்த நம்பருக்குப் போட்டேன். என் மெஷினைப் பத்தி எழுதியிருந்துச்சு, உங்க சைட்டுதான்னு நெனச்சேன்."



"நல்லா தைக்குதாம்மா?"

"ஊசியே உடையல, அத்தான்."

எப்படி உடையும்? அவர் எழுதினதைப் பார்த்துத்தானே அவன் சரி செய்திருக்கிறான்.