இரண்டரை முழம்

எங்கள் கப்பல் கட்டும் வகுப்பில் அளவு நாடாவுக்குத் தடை. முதல் நாளே கேப்டன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, எல்லோருடைய நாடாக்களையும் அதில் போடச் சொன்னார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல் கட்டினவன் கடைக்குப் போய் டேப் வாங்கினானா? நம்ம கைதான் நமக்கு அளவு."

இருபது பேரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அன்றைய டைரியில், 'கொஞ்சம் அதிகமாகத் தட்டிவிட்டேனோ?' என்று எழுதியிருக்கிறேன்.

கேப்டன் கடலுக்குப் போனவர் அல்ல. முப்பது வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்றதும் தாடி வளர்த்தார். தாடி வளர்ந்ததும் அதற்குப் பொருத்தமாக ஒரு கப்பல் தேவைப்பட்டது. வாரத்தில் மூன்று மாலை, பழைய பஸ் ஷெட் ஒன்றில் தொண்டர்களைக் கூட்டி வேலையைத் தொடங்கினார். ஆணியே கிடையாது. பலகையில் துளை போட்டு, கயிற்றால் தைத்து, இடுக்கில் நார் திணிக்க வேண்டும். தொண்டர்களில் பாதிப் பேர் மரம் செதுக்கும் வாய்ச்சியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள். அது மரத்தைத் தொடுவதற்குள் அவர்களுக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

என் வேலை, தினமும் நடந்ததைப் பதிவேட்டில் எழுதுவது. உளியைவிடப் பேனாவைக் கொடுத்தால் சேதாரம் குறையும் என்று கேப்டன் நினைத்திருக்கலாம்.

கப்பலின் இடப்பக்கத்தை கேப்டன் தன் முழங்கையால் அளந்தார். ஆறடி இரண்டு அங்குல மனிதர். வலப்பக்கம், தொண்டர்களில் ஒருவரான பல் டாக்டரின் பொறுப்பு. அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. நடுக்கட்டையிலிருந்து விளிம்புவரை இரு பக்கமும் இரண்டரை முழம் என்பது கணக்கு. இரண்டு பேரும் அவரவர் கையால் இரண்டரை முழம் அளந்தார்கள். நான் பதிவேட்டில், 'இருபுறமும் சமம்' என்று எழுதினேன். ஷெட்டில் கப்பலின் மூக்கு சுவரை உரசிக்கொண்டு நின்றதால், எதிரில் நின்று பார்க்க யாருக்கும் இடமில்லை.

எனக்கு உறுத்தியது. எல்லோரும் போனபின் சட்டைப்பையில் மறைத்துக் கொண்டுவந்த நாடாவால் அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசம். நாடாவைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று அடுத்த வாரம் மறுபடி அளந்தேன். பதினேழு. மூன்றாவது வாரமும் பதினேழு. மூன்று முறையும் சந்தேகம் என்மேல்தான் வந்தது. டைரியில் எழுதினேன். பதிவேட்டில் எழுதவில்லை.

என் அக்கா துடுப்புக் குழுவில் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்து, கப்பலில் உட்கார்ந்து துடுப்புப் பழகுவாள். எட்டுப் பேரில் அவளுக்கு வலப்பக்கம் மூன்றாவது இடம். அவளுக்கு நீச்சல் தெரியாது.

கப்பலை ஏரியில் இறக்குவதற்கு முந்தின மாலைதான் எனக்கு வாய் திறந்தது. தைக்கும் கயிற்றில் ஒரு துண்டை எடுத்தேன். நாடாவுக்குத்தானே தடை? இடப்பக்கத்தை அளந்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை வலப்பக்கத்தில் பிடித்தேன். முடிச்சு விளிம்பைத் தாண்டி கிட்டத்தட்ட ஒரு சாண் தூரத்துக்கு வெளியே தொங்கியது.

எல்லோரும் பார்த்தார்கள். பல் டாக்டர் மெதுவாகத் தன் கையை கேப்டனின் கையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"என் கையில ஒரு குறையும் இல்ல," என்றார்.

"உங்க கையை யாரு சார் குறை சொன்னா?" என்ற கேப்டன், என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது மரம். மூச்சு விடும். தண்ணியில எறங்கினா தானா சரியாயிடும்."

"ஒரு சாணாவா சார் மூச்சு விடும்?" என்றாள் அக்கா.

யாரோ சிரித்தார்கள். கேப்டன் தாடியைத் தடவினார்.

"சரி, நாளைக்கு எங்களோட நீங்களும் ஏறுவீங்கதானே?" என்று அக்கா அவரைக் கேட்டாள்.

"கப்பல் கட்டினவன் கரையிலதாம்மா நிக்கணும். அதுதான் மரபு."

"நேத்து வரைக்கும் இப்படி ஒரு மரபு இல்லையே சார்."

"எல்லாத்தையும் எழுதி வச்சிட்டா போனாங்க?"

"அப்ப நாங்களும் கரையிலயே நிக்கறோம். ஆளில்லாம விட்டுப் பாருங்க," என்றாள் அக்கா. மற்ற ஏழு துடுப்புக்காரர்களும் அதற்காகவே காத்திருந்ததுபோல் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை கயிறு கட்டி, வெறும் கப்பலை ஏரியில் இறக்கினோம். அது இரண்டு முறை ஆடிவிட்டு, வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மூன்றாவது துடுப்புத் துளை வழியாகத் தண்ணீர் வாய் வைத்துக் குடிப்பதுபோல் உள்ளே போனது.

"அந்தக் காலத்துக் கப்பலெல்லாம் கொஞ்சம் சாஞ்சுதான் போகும்," என்று கேப்டன் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். தொண்டர்கள் கைதட்டினார்கள். ஒருத்தர் கப்பல் நேராகத் தெரியும்படி போனைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தார். பல் டாக்டர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. அக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு. பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்டாள்:

"உனக்கு இது நேத்துதான் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். தேதி போட்டு எழுதி வைக்கிறவனுக்கு அது சட்டென்று வருவதில்லை.

"நாலு மாசமாச்சு."

"நாலு மாசமா நான் அந்த எடத்துல உக்காந்து பழகறதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கே."

"என் அளவு தப்பா இருக்குமோன்னு..."

"எத்தனை தடவை அளந்தே?"

"மூணு."

"அவங்க முட்டாளுங்கடா. தெரியாம செஞ்சாங்க. நீ?"

பஸ் வந்தது. பாதி இருக்கைகள் காலி. அக்கா ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். நான் வீடு வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.