புதுக் காது

சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், ஆசாரி இன்னும் ஊசியைக்கூட எடுக்கவில்லை, சந்தனம்தான் குழைத்துக்கொண்டிருக்கிறார், வலது காதில் குத்தாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை, அதற்குப் போய் நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது... சொன்னால் மதினி ஏன் என்று கேட்பாள். என் வீட்டுக்காரரின் அக்கா, அவர் பட்டாளத்தில் எங்கோ பனியில் நிற்க, இங்கே வீட்டுக்கு நாட்டாமை அவள்தான். காதுதான் வந்துட்டுல்லா, குத்தினா என்ன என்பாள். வந்துட்டு, சரிதான். எப்படி வந்தது என்று இந்த ஆய்க்குடிக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்காவது தெரியுமா? ஆபரேஷனில் சரிபண்ணியாச்சு என்று ஊருக்குச் சொல்லிவைத்தேன். அதுவும் பொய்யில்லையே. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் மகள் மாடத்தி பிறக்கும்போதே வலது பக்கம் காது கிடையாது, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை, அவ்வளவுதான். முதல் மொட்டையின்போது இதே மண்டபத்தில் இடது காதில் மட்டும் குத்தினோம், அன்றைக்கே மதினி, முருகா இன்னொண்ணையும் கொடு, ஒஞ் சன்னதியிலயே வந்து குத்துதோம் என்று நேர்ந்துகொண்டாள். கொடுத்தது முருகனா, கொச்சி ஆஸ்பத்திரி மிஷினா? இவள் விலாவில் குருத்தெலும்பைத் துளி எடுத்து வளர்த்தார்கள், இடது காதைப் படம் பிடித்துத் திருப்பிப் போட்டார்கள், இடியாப்பம் பிழிகிற மாதிரி மிஷின் இழை இழையாக அடுக்கிக்கொண்டே வந்தது, கிங்ஸ்லி டாக்டர் கண்ணாடி வழியாகக் காட்டினார், ஆத்தாடி, தட்டில் தனியாக ஒரு காது, என் பிள்ளையின் காது... இது இவ உடம்பேதான்மா, உயிர் இருக்கு, ஆனா ஒரு வருஷத்துக்குக் குத்தக் கித்தக் கூடாது, சீழ் பிடிச்சா மொத்தமும் கரைஞ்சு போயிரும் என்றார். அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. தொட்டால் தெரியுமா சார் என்று கேட்டேன். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நான் அல்லவா அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்? தினமும் காலையில் தலை சீவும்போது அந்தக் காதை அமுக்கிப் பார்ப்பேன், வெளுத்து, பிறகு சிவக்கிறதா? சிவந்தால் உயிர் இருக்கிறது. இப்போது சாரல் வேறு, தென்காசியில் அரிசிப் பானைகூடச் சில்லென்றுதான் இருக்கிறது, காது சில்லிட்டிருந்தால் அது சாரலின் குளிரா, காதின் குளிரா, நான் எப்படிக் கண்டுபிடிக்க? இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பேன். இவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள், ஸ்ஸ் என்றுகூட ஒரு சத்தம் வராது. உணர்ச்சி வரவில்லை, அவ்வளவுதான், வராமலே போகட்டும், காது நின்றால் போதும் முருகா...

அப்போ சொல்லேன்டி, மூதி! எப்படிச் சொல்ல? டாக்டர் குத்தக்கூடாதென்றார் என்று மட்டும் சொன்னால் மதினி விடுவாளா, தோண்டித் தோண்டிக் கேட்டு மிஷின் வரைக்கும் போய்விடுவாள். ஒத்தக்காதி என்று தெருவே கூப்பிட்டது, அதைத் தாங்கமுடியாமல்தானே கொச்சிக்கு ஓடினேன், இனி மிஷின்காதி என்று கூப்பிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்துக் கல்யாணம் வரைக்கும் அந்தப் பேர் கூடவே வரும். சொல்லாவிட்டால்? ஊசி இறங்கும், சீழ் வைக்கும், காதே போய்விடும். என் தம்பி சுடலைராஜ் மாடத்தியை மடியில் வைத்திருக்கிறான், தாய்மாமன், குற்றாலம் மெயின் அருவியில் கூட்டத்தை ஒதுக்குகிற டூட்டி, சாரலில் நனைந்த காக்கிப் பேண்டோடு நேரே வந்துவிட்டான், சட்டைப் பையில் அவன் ஆசையாக வாங்கிய கம்மல். ஏட்டி சித்ரா, காது குத்துதது புள்ளைக்கா ஒனக்கா, மொகம் ஏன் இப்படி வேர்த்துக் கெடக்கு என்கிறாள் மதினி, எல்லாரும் சிரிக்கிறார்கள், ஆசாரி சந்தனத்தைத் தொட்டு வலது மடலில் பொட்டு வைக்கிறார், ஊசியைத் துடைக்கிறார், ஐயோ துடைத்துவிட்டார்...

அண்ணாச்சி நில்லுங்க! என் குரலா அது? பக்கத்தில் படுத்திருந்த கோயில் நாய்கூட எழுந்து நின்றது. அதுக்கப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன், விலா, குருத்தெலும்பு, மிஷின், டாக்டர் சொன்னது எல்லாம். மதினி வாயில் வெற்றிலை அப்படியே நின்றுபோயிற்று. மிஷின்ல அடிச்ச காதாட்டி என்றாள் மெதுவாக. அவ சதை மதினி, அவ சதையில செஞ்சது. எக்கா, இத மொதல்லயே சொல்லதுக்கென்ன, நான் அமுக்கிப் பிடிச்சுட்டு இருந்தேனே என்று பதறிய சுடலைராஜ், அந்தச் சந்தனப் பொட்டைத் தன் விரலாலேயே துடைத்தான்.

மாமா, ஒங்க கை சில்லுன்னு இருக்கு.

சொன்னது மாடத்தி. எந்தக் காதுலட்டி சில்லுன்னு இருக்கு என்றேன், கேட்கவே பயமாக இருந்தது. புதுசுலதான் என்றாள். தெரியுதா ஒனக்கு? தெரியும், ரொம்ப நாளாத் தெரியும், நீ தல சீவும்போது அமுக்குவேல்லா, அது வலிக்குல்லா... வலித்ததா, என் தாயே, வலித்ததா, முருகா வலித்திருக்கிறது, என்று நெஞ்சுக்குள் ஒரு பக்கம் குலவையே போடுகிறது, இன்னொரு பக்கம், கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாளே, எத்தனை காலை... ஏம்ட்டி எங்கிட்டச் சொல்லல? அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமன் பையிலிருந்து கம்மல் டப்பாவை எடுக்கப் பார்த்துக்கொண்டே சொன்னாள், வலிக்குன்னு சொன்னா காது கெட்டுப்போச்சுன்னு நீ அழுவ, அதான்.

மதினி எழுந்து விபூதி எடுத்து வந்தாள், நேர்ச்சைய அடுத்த வருசத்துக்கு மாத்திக்கிடுதேன்னு முருகங்கிட்டச் சொல்லிட்டேன் என்றாள், இன்னும் என்னவோ சொன்னாள். என் கை பாட்டுக்குத் தன் பழக்கத்தில் அந்தக் காதை நோக்கிப் போயிற்று. மாடத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அசையாமல், காலையில் இருப்பது போலவே உட்கார்ந்துவிட்டாள். கை பாதியில் நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைக்க என்று எனக்குத் தெரியவில்லை.