ஜாடியில் விழுந்த தண்ணீர்

1

ஒரு மொட்டைமாடியில், ஒயர் எதுவும் போகாத பெட்டியின் மேல் குட்டி விளக்கு எரிவதைப் பார்த்தேன். இந்தக் கதைக்கு அவ்வளவுதான் மூலம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களால்...' வேண்டாம், எனக்கே குமட்டுகிறது.

இரண்டாவது: ஃபிரிட்ஜ் மெக்கானிக் மாடியேறினான். அவன் செய்த பெட்டிக்குள் உப்புத் தண்ணீர், அதில் பாதி முங்கிய கரி பூசிய துணி. துணி உறிஞ்சும் தண்ணீர் வெயிலில் ஆவியாகி, மேல்கண்ணாடியில் வேர்த்து, நல்ல தண்ணீராக ஜாடியில் சொட்ட வேண்டும். துணியில் தண்ணீர் ஏற ஏறக் கொஞ்சம் கரண்ட்டும் பிறக்கும். விளக்கு அதில்தான் எரிகிறது. எட்டு நாளாக ஜாடி நிரம்புகிறது. நாளைக் காலை பெட்டி பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அங்கே குழாயில் உப்புத் தண்ணீர். கரண்ட்டோ, வந்தால் உண்டு.

2

(அவன் மனைவி தையல்காரி. கரித்துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தவள். முதலில் அவளை எரிந்து விழுபவளாக எழுதினேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன்.)

உப்பு அளக்கும் மீட்டர் இன்றுதான் இரவலாகக் கிடைத்தது. ஜாடியில் விட்டான். ஆவியாகி விழுந்த தண்ணீர் என்றால் பத்தைத் தாண்டக் கூடாது. நூற்று நாற்பது காட்டியது. கீழே ஓடிப் போய்ச் சமையலறைக் கேன் தண்ணீரில் விட்டான். அதுவும் நூற்று நாற்பது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். சத்தியமாக இதை நான் யோசித்து வைக்கவில்லை.

"ஜாடியில யாரு கை வச்சா?"

"நான்தான்," என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. "நாலு சொட்டுதான் இருந்துச்சு. நீங்க மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு சாப்பிடாம எழுந்து போனீங்க. ஒரு நாள் கேன் தண்ணிய ஊத்துனேன். அன்னிக்கு எப்படிச் சிரிச்சீங்க! அப்புறம் எப்படிங்க நிறுத்துறது?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் நீயே போய் ஊத்துவியா?"

அவள் கை நின்றது. "அங்க போகுதுன்னு நேத்துதானே சொன்னீங்க..."

3

அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 'எட்டு நாளாக ஜாடி நிரம்புகிறது' என்று மேலே எழுதியது யார்? நீங்களும் நம்பினீர்கள்.

முடிவு ஒன்று: அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறான். (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு பெட்டியை வண்டியில் ஏற்றுகிறான். அங்கே நர்ஸ் ஒருத்தி, கைக்குழந்தையோடு, காலி ஜாடியை... (இதற்கு மேல் கை ஓடவில்லை.)

4

இருவரும் மாடியில் நிற்கிறார்கள். உச்சி வெயில். விளக்கு எரிகிறது.

"தண்ணி போகட்டும்," என்றான். "கரண்ட்டை யாரும் ஊத்த முடியாதில்ல?"

அவள் விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள்.

பெட்டியின் அடித்தட்டில் நாலு ஸ்க்ரூ. மூன்று துருப்பிடித்தவை. ஒன்று யாரோ சமீபத்தில் கழற்றி மாட்டியது போல மினுக்குகிறது. அதை நான் எழுதவில்லை. உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் அவன் கையில்தான் இருக்கிறது, ஆனால் குனிய மாட்டேன் என்கிறான். நானும் அவனைக் குனிய வைக்கப் போவதில்லை.

நீங்கள் கழற்றிப் பாருங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.