ஏழாவது உருளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூமியின் மொத்த வரலாற்றையும் ஒரே கதையில் அடக்கிக் காட்டுகிறேன் பார் என்று வீம்புக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆதியில் எங்கும் நெருப்பாக— (அடித்துவிட்டேன். நேரில் பார்த்தவள் மாதிரி என்ன பேச்சு.)

முதல் உயிர் கடலில் தன்னந்தனியாக— (இதுவும் வேண்டாம். அதற்குத் தனிமை தெரியுமா என்ன?)

2

ஒரு கிடங்கிலிருந்து தொடங்குகிறேன். பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் அங்கே நீளப் பெட்டிகளில் வரிசையாகக் கிடக்கின்றன. அடியில் பழைய காலம், மேலே புதிய காலம். எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு உருளையிலும் நெடுக இரண்டு கோடு போட்டு அனுப்புவார்கள். மேல்முனை மேலே இருந்தால் சிவப்பு வலப்பக்கம், நீலம் இடப்பக்கம். அதைப் பார்த்து அடுக்குவது கிடங்குக்காரியின் வேலை. பதினோரு வருட அனுபவம். கொஞ்சம் தலைக்கனம் உண்டு.*

* குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

3

அவள் தங்கை ஆராய்ச்சி மாணவி. ஆறு வருடமாக ஒரே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். உயிரினங்களில் பாதிக்கு மேல் மடிந்த ஒரு பேரழிவில் காணாமல் போன குட்டிச் சிப்பி, கொஞ்சம் மேலே மறுபடி தலைகாட்டுவதைக் கண்டுபிடித்தாள்.

"செத்துட்டுத் திரும்பி வந்திருக்குக்கா. உலகத்துலயே நான்தான் முதல்ல பார்த்தேன்."

"முதல்ல சாப்டியா நீ?" என்றாள் கிடங்குக்காரி. ஆனால் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

போன வாரம் அந்தப் பெட்டியைத் துடைத்தபோது, ஏழாவது உருளையில் சிவப்பு இடப்பக்கம் இருந்தது. அவளே தலைகீழாக அடுக்கியிருந்தாள். நிமிர்த்தினால், மேலே தலைகாட்டிய சிப்பி பேரழிவுக்குக் கீழே போய், ஒரேயடியாகச் செத்துப்போகிறது. திரும்பி வரவே இல்லை.*

* கோட்டைத் தங்கை பார்க்கவில்லையா? அக்கா அடுக்கினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

4

முடிவு ஒன்று: கிடங்குக்காரி வாயே திறக்கவில்லை. சிப்பிக்கு மறுவாழ்வு, தங்கைக்குப் பட்டம். (வேறு யாராவது பெட்டியைத் திறக்கும் வரை.)

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். "நான்தாண்டி மாத்தி வச்சிட்டேன்." தங்கை—

இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதினேன். அழவைத்தேன், கத்தவைத்தேன், சிரிக்கக்கூட வைத்தேன். எதுவும் அவளாக இல்லை.

5

முடிவை வாசகர் கையில் கொடுப்பது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம்தான். எனக்கு வாசகர் நீ ஒருத்திதான். கிடங்குக்காரி யாரென்று இரண்டாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பாய்.

நேரில் சொல்லப் பயமாக இருந்தது. அதனால்தான் நெருப்பையும் கடலையும் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆய்வேட்டை நாளைக்குத்தானே கொடுக்கிறாய்? பெட்டி மேசைமேல் இருக்கிறது. ஏழாவது உருளையை நான் தொடவில்லை. இந்த முறை என்னை நம்பாமல் நீயே பார்.

நீ நிமிர்த்தி வைப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கப்புறம் என்னோடு பேசுவாயா என்பதை மட்டும் நீதான் எழுத வேண்டும். வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறேன்.