நிற்காத சங்கு நீர்

புவநாத்தின் கல்யாணத்தன்று அவனுடைய அத்தை புன்னாக் சாய்த்த சங்கிலிருந்து காலை ஒன்பது மணிக்கு விழத் தொடங்கிய தண்ணீர் பதினொன்றரை வரை நிற்கவில்லை. அன்று தாய்லாந்தின் சுபன்புரிச் சந்தையில் வாத்து முட்டை ஒன்று ஐந்து பாட். மணமக்கள் இருவரும் ஆண்கள் என்பதால்தான் இப்படி என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் அந்த வட்டாரத்தில் அது மூன்றாவது அப்படிப்பட்ட கல்யாணம். மூத்தவர்கள் வயது வரிசையில் வந்து மணமக்களின் கூப்பிய கைகளில் மல்லிகை போட்ட சங்கு நீர் வார்க்க வேண்டும். அத்தைக்கு அடுத்த முறை புவநாத்தின் அப்பா தோங்இன்னுடையது. அவரோ பின்புறம் வாத்துக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் வார்க்காத வரை மகன் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொரு மணமகனான நிருத்தோடு மகன் பழகத் தொடங்கிய ஏழு வருடமாக அவர் அவனிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார். நிருத்திடம் அதுவும் இல்லை. கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த நிருத், வருடா வருடம் வாத்துகளுக்கான தடுப்பு மருந்தை ஐஸ் வைத்து வேலியில் மாட்டிவிட்டுப் போவான். தோங்இன் அதை எடுத்து வாத்துகளுக்குப் போடுவார். மாட்டியது யார் என்று கேட்டதில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. விருந்தினர்கள் தட்டோடு நாற்காலி மேல் ஏறிச் சாப்பிட்டார்கள். பிக்குகள் இன்னொரு முறை ஓதினார்கள்.

"தம்பி, என் கை கழண்டு விழுது. வர்றியா, இல்ல ஊரையே நீந்த விடப் போறியா?" என்று அத்தை கத்தினாள்.

"அதை மூடுங்கக்கா," என்று கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சங்குக்கு எங்கடா திருகு வெச்சிருக்கு?"

அதற்குள் கொட்டகைக் கதவு திறந்து வாத்துகள் பந்தலை நோக்கி மிதந்தன. அவற்றைப் பிடிக்கத்தான் தோங்இன் பின்னால் வந்தார். இருவர் தலையையும் இணைத்துக் கட்டிய வெள்ளை நூல் அறுந்துவிடக் கூடாதென்று மணமக்கள் மார்பளவு தண்ணீரில் மண்டியிட்டபடியே இருந்தார்கள். நிருத்தின் கூப்பிய கைகள் மீது ஒரு குஞ்சு ஏறி நின்றது. அவன் கைகளைத் தாடைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"தாய் இல்லாம பொரிப்பெட்டியில பொரிஞ்ச குஞ்சு மாமா. இறகுல இன்னும் எண்ணெய் ஊறல, நனைஞ்சா பிழைக்காது. கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா?"

தோங்இன் குஞ்சை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவிடமிருந்து சங்கை வாங்கி, மகன் கையில் கொஞ்சம், நிருத் கையில் கொஞ்சம் வார்த்தார். தண்ணீர் நின்றது.

"இந்த வருஷம் மருந்தை வேலியில மாட்டாதே," என்றார். "உள்ள கொண்டா."

கும்பிடும் கை ஒரு குஞ்சைத் தாங்கினால் அதுவும் கும்பிடுதான் என்று மூத்த பிக்கு சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர் வடியவில்லை, மறு வருடம் நில அளவைக்காரர் வந்து அதைக் குளம் என்று பதிந்துகொண்டு போனார். அதில் மேயும் வாத்துகளின் முட்டையில் லேசாக மல்லிகை வாசம் வரும். விலை அதே ஐந்து பாட்தான்.